உரசும் இடம்

இருந்தவர்கள் மூன்று பேர்: கழக்கூட்டம் பைபாஸ் ஓரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சுடலைக்கண்ணு, பெரிய ஆஃப்ரோடு டயர் மாட்டிய ஜீப்போடு வந்த அனீஷ், அவன் மனைவி அஞ்சு.

பிரேக் பிடித்தால் வண்டி இடதுபக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் எங்கோ உரசியது. சுடலைக்கண்ணு வீலைக் கழற்றிப் பார்த்தார். பிரேக்கில் குறையில்லை. மறுபடி மாட்டி, டயர் முழுக்க நீலச் சாக்பீஸைத் தேய்த்தார். உரசுகிற இடத்தில் நீலம் ஒட்டிக்கொள்ளும்.

அனீஷ் ஏறி ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தான். கிறீச்சென்றது. மட்கார்டிலும் சேஸிஸிலும் ஒரு பொட்டு நீலம் இல்லை.

"அண்ணே, இங்க பாருங்க."

தூரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அஞ்சு பேண்ட்டை முழங்கால்வரை தூக்கினாள். கெண்டைக்காலில் டயரின் கட்டங்கள் அப்படியே பதிந்து தோல் உரிந்திருந்தது. சீழில் நீலம் குழைந்திருந்தது. கருகிய ரப்பர் நாற்றம் அடித்தது.

"டயர் மாத்துன அன்னைலேருந்து சொல்லுதேன். இவரு அலர்ஜிங்காரு."

"பழைய டயரையே போட்டுரலாம் தம்பி."

"அந்தச் சுண்டைக்கா டயரா? ஆளுங்க சிரிப்பாங்க அண்ணே. இவளுக்கு என்னைக்கும் ஒரு சீக்கு உண்டு, கேட்டோ. வண்டியில எங்கயும் உரசலையல்லோ, அது மதி, போதும். இருட்டும் முன்ன பொன்முடி மலை ஏறணும். இருபத்திரண்டு ஹேர்பின் வளைவு. அஞ்சு, கேறு."

அஞ்சு சுடலைக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நொண்டிப் போய் ஏறினாள். அனீஷ் அவள் பக்கத்துக் கதவை அறைந்து சாத்தி, சாவியைத் திருகிப் பூட்டினான்.