கைடம்மா சொன்ன தப்புகள்

“நூத்தியெண்பதா? மணி அடிக்கிறவன் கை கழண்டு விழுந்துடும்மா! நூத்தியெட்டு!”

கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் கொடுத்தார் ஒரு பெரியவர்.

புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி இந்தக் கோயில் மணியை எத்தனை தடவை அடிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த கைடம்மா, பேச்சை நிறுத்திக் குனிந்து வணங்கினாள்.

“ஐயா சொல்றதுதான் சரி. மன்னிக்கணும்.”

ஹிசாயேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது ரெண்டாவது தடவைடி. ஒருநாள் நிம்மதியா கோயில் தெருவெல்லாம் சுத்தலாம்னு வந்தா, இந்தாளு தொல்லை தாங்கல” என்று தோழி தொஷிகோவின் காதைக் கடித்தாள்.

முதல் தடவை, வாசலிலேயே. அங்கே நிற்கும் இரண்டு காவல் பூதங்களைக் காட்டி, “வாயைத் திறந்திருக்கிறவர் பாடறார், மூடியிருக்கிறவர் கேக்கறார்” என்று கைடம்மா சொல்ல, “கச்சேரியா நடக்குது? அது ‘ஆ’, இது ‘ஊம்’. தொடக்கமும் முடிவும்!” என்று பெரியவர் பிடித்துக்கொண்டார்.

“தப்பைத் தப்புன்னுதானே சொல்றார்?” என்றாள் தொஷிகோ. அவள் வாயில் குச்சியில் கோத்த அரிசி உருண்டை.

“அதுக்காக? ஒரு பொம்பளையை இத்தனை பேர் முன்னாடியா?”

அடுத்த சந்தில், சிவப்புத் துணி கட்டிய ஆறு கல் சிலைகள் வரிசையாக நின்றன.

“இவங்க ஆறு பேரும் ஒரு தளபதியோட தம்பிகள்” என்று ஆரம்பித்தாள் கைடம்மா.

“தம்பிகளா!” பெரியவர் தன் கைத்தடியைத் தரையில் தட்டினார். “தம்பிகளுக்குச் சளி பிடிச்சிடும்னா கழுத்துல துணி கட்டியிருக்கு? ஜிசோம்மா, ஜிசோ! குழந்தைகளைக் காப்பாத்தற சாமி! உன்னை யாரு கைடா சேர்த்தது?”

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். கைடம்மாவும் சிரித்தாள். ஹிசாயே சிரிக்கவில்லை.

டீக்கடையில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஹிசாயே நேராகப் பெரியவரிடம் போனாள்.

“ஏன் ஐயா, அவ்வளவு தெரிஞ்சவர் நீங்களே கைடா வந்திருக்கலாமே?”

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வரலாம்தான். யாரு கூப்பிடறா?”

அதற்குள் கைடம்மா ஓடி வந்தாள். அவருக்கு மெத்தை போட்டாள். டீயை ஆற்றி வைத்தாள். அரிசி முறுக்கைக்கூடச் சின்னச் சின்னதாக உடைத்துத் தட்டில் வைத்தாள்.

“பாவம்டி, பயந்துபோய் உபசாரம் பண்றா” என்றாள் ஹிசாயே. கைடம்மாவைத் தனியே அழைத்தாள். “இந்தாளை இனிமே சேர்க்கக் கூடாதுன்னு கோயில் ஆபீஸ்ல நான் எழுதிக் குடுக்கறேன்.”

“ஐயோ, வேண்டாம்மா! அவர் வராட்டாதான் எனக்குக் கஷ்டம்.”

“இவ்வளவு அப்பாவியா இருந்தா ஊரே உங்க தலையில மிளகாய் அரைக்கும்!”

கடைசியாக, மலையோரக் கோயிலின் பாசி பிடித்த கல்படிகள்.

“இந்தப் படிக்கு ஒரு கதை உண்டு” என்றாள் கைடம்மா. “நாப்பது வருஷம் முன்னாடி, நல்ல மழை. இங்க கைடா இருந்த வாலிபர் ஒருத்தர் வழுக்கி விழுந்தார். சுத்திப் பார்க்க வந்த ஒரு பொண்ணு அவரைத் தாங்கிப் பிடிச்சா. அப்புறம் அவங்களுக்கே கல்யாணம் ஆச்சு.”

எல்லோரும் பழக்க தோஷத்தில் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பாடா, ஒண்ணாவது சரியாச் சொல்லிட்டா” என்றாள் ஹிசாயே.

கைடம்மா நகரவில்லை. அடுத்த இடத்துக்குக் கூப்பிடவும் இல்லை. பெரியவரையே பார்த்தபடி நின்றாள்.

“தப்பு” என்றார் பெரியவர்.

“என்ன ஐயா தப்பு?” என்றாள் கைடம்மா.

“கைடு விழுந்தானா? முப்பது வருஷத்துல ஒருநாள்கூட அவன் விழுந்ததில்லை! புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டு, ஓடாதே ஓடாதேன்னு கத்தக் கத்தக் கேக்காம ஓடினது யாரு?”

கோபமாக ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். கைடம்மாவின் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தார்.

“விழுந்தது நீதானே, ஷிசுயோ?”

கைடம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

“உ... உங்களுக்கு இவரைத் தெரியுமா?” என்றாள் ஹிசாயே.

“என் வீட்டுக்காரர்மா. முப்பது வருஷம் இங்க கைடா இருந்தவர். ஞாபகம் தப்பி, இப்பல்லாம் காலையில எழுந்து என்னையே யாருன்னு கேக்கறார். நான் இங்க வந்து தப்புத் தப்பாச் சொன்னாத்தான் வாயே திறப்பார்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மத்த தப்பையெல்லாம் வாராவாரம் பிடிச்சுடுவார். இந்த ஒரு தப்பை எட்டு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன்... இன்னிக்குத்தான் பிடிச்சார்!”