சாட்சி விருத்தாசலம்

விருத்தாசலத்துக்கு ஆயுள் தண்டனை விழுந்து எட்டு மாதம் ஆகிறது. திண்டிவனத்துப் பங்காளி வல்லரசுவை வரப்புத் தகராறில் வெட்டிக் கொன்றதாகக் கேஸ். கொலை நடந்த அன்று காலை ஏழு மணிக்கு விருத்தாசலத்தை அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் பார்த்ததாக இரண்டு பேர் அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

அப்பீல் போட்டிருந்த வக்கீல் ஆரோக்கியசெல்வி, ஒரு ஜெராக்ஸ் தாளோடு சிறைக்கு வந்தார். கூடவே அவன் மனைவி செண்பகம்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதாங்க மேடம்."

விழுப்புரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவன் அவன். போலீஸ் எதைப் பிடித்தாலும், கூட இருந்து பார்த்ததாக வெளியாள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமே! சாராயம், மணல் வண்டி, சீட்டாட்டம் எல்லாவற்றுக்கும் இவன்தான் சாட்சி. ஏட்டையா தோளில் தட்டினால் போதும், தன்னைப் பெரிய மனுஷனாக நினைத்துக்கொள்வான்.

"வேற ஒரு சாராயக் கேஸ் கட்டுல கிடைச்சுது. கொலை நடந்த அதே நாள், அதே ஏழு மணி. விழுப்புரத்துல நீ சாட்சியா நின்னதா போலீஸே எழுதியிருக்கு. இதை ஏன்யா முதல்லயே சொல்லலே?"

விருத்தாசலம் தலையில் அடித்துக்கொண்டான். "மறந்துட்டேங்க மேடம்! ஊரான் கேசுக்கெல்லாம் சாட்சி போட்டுக்கினு திரிஞ்சேன். என் கேசுக்கு நானே சாட்சின்னு இந்த மரமண்டைக்கு உறைக்கலியே!"

"மறந்துட்டியா? ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு நான் படற பேஜாரு உனக்கு எங்க தெரியப்போவுது!" செண்பகம் அழுதுகொண்டே திட்டினாள்.

"திட்டு. நல்லா திட்டு. என்னை மாதிரி முட்டாளு இந்த ஜில்லாவிலேயே கிடையாது."

ஐகோர்ட்டில் அந்தத் தாள் அசல்தான் என்று ஏட்டையாவே ஒப்புக்கொண்டார். ஒரே நேரத்தில் ஒருவன் இரண்டு ஊரில் இருக்க முடியுமா? சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்துவிட்டார்கள்.

சிறை வாசலில் செண்பகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜல்தியா வா, பஸ் போயிடும். இனிமே எவனாச்சும் கையெழுத்து கேட்டா?"

"போடவே மாட்டேன் தாயே," என்று கும்பிட்டான் விருத்தாசலம்.

அந்த நாளில் மாதம் பிறந்ததும் பத்து வெற்றுத் தாளில் அவனிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டியபோது கேஸ் எழுதி நிரப்பியதை ஏட்டையா எந்தக் கோர்ட்டில் சொல்வார், பாவம்?

அன்று காலை ஏழு மணிக்கு விருத்தாசலம் திண்டிவனத்தில்தான் இருந்தான், கையில் அரிவாளோடு.