நாலு கிலோ

கிட்ட வந்து குந்துங்க. சத்தமாச் சொல்ற சங்கதி இல்ல இது.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு. ஓசூர் பஸ் கிளம்ப இன்னும் அஞ்சு நிமிசம். படிக்கட்டை மறிச்சுக்கிட்டு நிக்கிறா ராமக்கா. கையில முறுக்கு டின். பக்கத்துல மருமவ சுமலதா, எட்டு மாச வயித்தைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு.

எதிரே தீர்த்தகிரி. அதே ஊர்க்காரன்தான். பட்டாளத்துல ஹெலிகாப்டர் ஓட்டறான். எல்லையில சண்டை நடக்குதில்ல, அங்க மலை மேல அடிபட்டுக் கெடக்கறவங்களைத் தூக்கிட்டு வர்ற வேலை. நாலு நாள் லீவு முடிஞ்சு திரும்பறான். ராமக்கா மவன், சுமலதா புருசன் அன்பும் அதே மலையிலதான் சிப்பாயா இருக்கான்.

"ஏப்பா, போன தடவை எம் மவன் அன்புக்குக் குடுத்தனுப்புன டின்னு என்னாச்சு? போன்ல கேட்டா வரவேயில்லங்கறான்."

"பெரிம்மா, அது..."

"அவனும் ஒரு மாசமா போன்ல மூஞ்சியக் காட்ட மாட்டேங்கறான். சிக்னல் இல்லையாம். நீயும் நாலு நாளா எங்க வூட்டுப் பக்கமே வரல. என்னதான்டா நடக்குது?"

அவன் தரையைப் பாத்தான். "வழியில தூக்கி வீசிட்டேன் பெரிம்மா."

"வீசலைக்கா, தின்னுட்டான்!" டீக்கடையில இருந்து சென்னப்பன் எடுத்துக் குடுத்தான். நாலு பேர் சிரிச்சாங்க.

ராமக்காவுக்கு வந்துச்சே ஆத்திரம். "யானை கணக்கா மிஷின் வெச்சிருக்கே, நாலு கிலோ முறுக்கு பாரமாப் போச்சா உனக்கு?"

"அந்த உசரத்துல காத்து மெலிசு பெரிம்மா. மிஷின் திணறும். உங்க டின்னோடதான் போயிட்டிருந்தேன். நடுவழியில, ஒருத்தன் அடிபட்டுக் கெடக்கான், உடனே வான்னாங்க. அவனை ஏத்தினா மேல எழும்ப மாட்டேங்குது. சுத்தியும் குண்டு விழுது. இருந்த மூட்டை முடிச்செல்லாம் வீசினோம். இந்த டின்னை மட்டும் வெச்சுக்கிட்டு முழிச்சேன். அந்தப் பையன்தான், 'வீசுங்கண்ணா'ன்னான்."

"எம் மவன் டின்னை வீசச் சொல்ல அவன் யாருடா?"

தீர்த்தகிரி கண்ணு ஒரு தரம் சுமலதா வயித்துப் பக்கம் போச்சு. சட்டுனு திரும்பிச்சு.

தொறந்த வாய் தொறந்தபடி நின்னா ராமக்கா.

டிரைவர் ஹாரன் அடிச்சான். தீர்த்தகிரி விலகி ஏறினான்.

"இரு, உன்னை விட்டேனா பாரு!"ன்னு பின்னாலயே ஏறினா அவளும்.

உள்ள போனதும் குரல் கம்மிப் போச்சு. "உசுருக்கு?"

"ஒண்ணுமில்ல பெரிம்மா. கால்லதான் அடி. ஆஸ்பத்திரியில இருக்கான். அடுத்த மாசம் நடந்துருவான். கொழந்த பொறக்கற வரைக்கும் வூட்டுல மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

ராமக்கா டின்னை அவன் மடியில வெச்சா. அவன் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினா. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு இறங்கினா.

"போதும் அத்தை, பாவம் அவரு. எவ்வளவுதான் திட்டுவீங்க?"ன்னா சுமலதா.

பஸ் நகர்ந்துச்சு. ராமக்கா ஜன்னலோரமாவே ஓடினா, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்திக்கிட்டு:

"இதையும் வீசினே, அடுத்த லீவுக்கு ஊருக்குள்ள கால் வெக்க முடியாது பாத்துக்க! எம் மவன் மலை மேல குந்திக்கிட்டு வழி பாத்துக்கிட்டு இருக்கான்டா!"