பத்து லட்சத்து ஒன்று

"ஒரு எண் சொல்றேன், தம்பி. அது எதாலயாவது வகுபடுமா, இல்ல..."

"நூத்தியொண்ணால வகுபடும், ஆன்ட்டி!"

அப்பாவின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அம்மா இன்னும் எண்ணைச் சொல்லவே இல்லை.

சோபா நுனியில் இருந்த பையனுக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது. பேக்கரி வைத்திருப்பவன். கொண்டுவந்த கேக் மேஜையில் இருந்தது. அவனும் இப்போது அதைப் போலவே ஆடாமல் அசையாமல் இருந்தான்.

அம்மா கணக்கு டீச்சர். பெண் கேட்டு யார் வந்தாலும் ஒரு பெரிய எண்ணை நீட்டுவாள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்ணா இல்லையா, சொல்லியாக வேண்டும். போன வருஷம் வந்த இன்ஜினியர், ஓடின ஓட்டத்தில் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"இவரையும் துரத்திட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று மகள் அழுதபிறகுதான் அப்பா திருட்டு வேலையில் இறங்கினார். நேற்று அவர் ஷேவ் பண்ணும்போது அம்மா பின்னால் வந்து நின்று அலட்டினாள்: "நாளைக்கு அவன்கிட்ட பத்து லட்சத்து ஒண்ணைக் கேக்கப்போறேன். நூத்தியொண்ணால வகுபடும். முழிக்கட்டும்."

ஓட்டை வாய் என்று அப்பா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவள் குளிக்கப் போனதும் பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பையனுக்குப் போன் போட்டார்.

பாவி, கேள்வி முடியும்வரை பொறுக்கக் கூடாதா?

"நான் இன்னும் எண்ணையே சொல்லலையே, தம்பி?"

"ஒரு... குத்துமதிப்பா சொன்னேன், ஆன்ட்டி."

அப்பா தலை நிமிராமல் டீக்குள் பிஸ்கட்டைத் தேடினார்.

"பத்து லட்சத்து ஒண்ணு. அதைத்தான் கேக்க வந்தேன்." அம்மாவின் முகம் மலர்ந்தது. "பார்த்தா தனிக்கட்டை மாதிரி நிக்கும். உள்ள போனா, நூத்தியொண்ணும் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணும் கையைக் கோத்துக்கிட்டு நிக்குதுங்க. ரெண்டுமே பகா எண். நடுவுல வேற யாரும் நுழைய முடியாது."

கேக்கை வெட்டி முதல் துண்டை அவன் தட்டில் வைத்தாள். "கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்ற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான்?"

"அம்மா!" மகள் பாய்ந்து கட்டிக்கொண்டதில் க்ரீம் மூன்று பேர் மேலும் அப்பியது.

தப்பித்தோம் பிழைத்தோம் என்று அப்பா சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"அடுத்த ஞாயிறு அவனோட அப்பா அம்மா வர்றாங்க. அவங்களுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். நூறு கோடியே ஒண்ணு."

"ஐயோ, அவங்களுக்குமா?"

"ஏழால வகுபடும்."

சொல்லிவிட்டு, சார்ஜில் கிடந்த அவர் போனைக் கழற்றிக் கையில் கொடுத்து, பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள்.