நாலாவது மூட்டை

தலைச்சோலை பங்களாவின் நீச்சல்குளத்தின் மேல் பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாய்க் கிடக்கிறது. மத்தியானம் முதலாளி குடும்பம் குளிக்க வருகிறது. குளத்து உப்பிலிருந்து குளோரின் எடுக்கிற மிசினிலோ, நேற்றிலிருந்து மூன்று மூட்டை கொட்டியும் ‘உப்பு குறைவு’ என்று சிவப்பு விளக்கு எரிகிறது. காவல்காரர் டோமினிக் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதையும் கவிழ்க்கிறார். “ஏனுங்க, நொம்பக் கரிக்குதுங்க!” குளத்தில் நனைத்த விரலை நக்கிப் பார்த்த மனைவி தெரசம்மாள், மிசின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் காகிதத்தைத் துடைத்து வாசிக்கிறாள். “தண்ணி சில்லுன்னு இருந்தா உப்பு கம்மின்னுதான் காட்டுமாம். கொட்டக் கூடாதாமுங்க.” “இத நேத்தே படிக்கறதுக்கென்ன?” “மூடியத் தொட்டதுக்கே அந்தக் கத்து கத்துனீங்களே!” போன் அடிக்கிறது. “உப்புப் போட்டாச்சா?” என்கிறார் முதலாளி. டோமினிக் காலிச் சாக்கை உதறுகிறார். ஒட்டியிருந்த கல்லுப்பு ஒன்று குளத்தில் விழுகிறது. “போட்டாச்சுங்க.”