துணி காயும் வரை

"சட்டை இன்னும் காயலைன்னு சொல்லு. அதுவரைக்கும் இன்னொரு நண்டு துன்னட்டும்" என்றாள், மீனவக் குப்பத்தில் வருகிறவர்களுக்கு ஆக்கிப் போடும் கோவிந்தம்மா.

துபாஷி திருவேங்கடம் அதை டச்சு மொழியில் சொன்னான்.

எதிரே டச்சுக் கம்பெனி அதிகாரி யாக்கோப் உட்கார்ந்திருந்தார். பழவேற்காட்டுக் கோட்டைக்குப் புதிதாக வந்தவர். இடுப்பில் படகோட்டி சிங்காரத்தின் வேட்டி. அவருடைய சட்டை, காலுறை, தொப்பி எல்லாம் வலை உலர்த்தும் கழியில் தொங்கின. சிங்காரத்தின் படகிலிருந்து கரையிறங்கும்போது ஓர் அலை வந்து முழுக்காட்டிவிட்டது.

வந்த வேலை இதுதான். கப்பல் பயணிகளுக்காகக் கம்பெனி கோட்டைத் துறையில் ஒரு விடுதி கட்டியிருந்தது. கட்டில் உண்டு, சாராயம் உண்டு, கண்ணாடி ஜன்னல்கூட உண்டு. ஆள்தான் இல்லை. அங்கே இறங்குகிறவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தக் குப்பத்தில் இறங்குகிறவர்களோ அரை நாள் உட்கார்ந்து, தின்று, ஏரியில் பறவை பார்த்து, ஓலைப்பெட்டி வாங்கி, கைப்பணத்தைச் சந்தோஷமாக விட்டுவிட்டுப் போகிறார்கள்.

காரணம் தெரிந்தாக வேண்டும். உருப்படியாக ஒன்றும் கிடைக்காவிட்டால், குப்பத்துக் கரையை மூடி எல்லாப் படகையும் கோட்டைக்குத் திருப்பச் சொல்லி உத்தரவு.

"இங்க அப்படி இன்னாதான் இருக்குதுனு கேக்குறார்மா" என்றான் திருவேங்கடம்.

"இன்னா இருக்குதா? அவன் துன்றதைப் பார்த்தாலே தெரியலை? கழுத்தை நீட்டி நீட்டி, கொக்கு கணக்கா! நண்டு ஓட்டைக்கூட விடலை, பாவி!"

திருவேங்கடம் பணிவாகக் குனிந்தான். "தங்கள் பாதம் பட்டதால் இந்தக் கரையே புனிதமாகிவிட்டது என்கிறாள்" என்று டச்சில் சொன்னான்.

யாக்கோப் தலையசைத்துவிட்டு அடுத்த நண்டை எடுத்தார்.

சட்டை காயவில்லை. எனவே குப்பத்துக்குப் பின்னால் இருந்த ஏரிக்கு அவரை வேட்டியோடு கூட்டிப்போனான் சிங்காரம். நடு ஏரியில் பூநாரைக் கூட்டம் ஒன்றாக எழும்பியது. தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்பு. தினமும் பார்க்கிற சிங்காரமே துடுப்பை நிறுத்திவிட்டான். யாக்கோப்பின் வாய் திறந்தது. கரைக்கு வரும்வரை மூடவில்லை.

"கொக்கு கொக்கைப் பார்த்துச்சா?" என்றாள் கோவிந்தம்மா.

"பார்த்துச்சு அத்தை. சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி நின்னுச்சு."

ஒருவழியாகத் துணி காய்ந்தது. யாக்கோப் சட்டை மாட்டி, தொப்பி வைத்து, மறுபடி அதிகாரியானார். தீர்ப்பு சொன்னார். திருவேங்கடம் மொழிபெயர்த்தான்.

"நண்டு, பறவை, உங்க உபசாரம், இதான் காரணமாம். கோட்டையில காசு கொட்டினாலும் இது வராதாம். கரையை மூட வேணாம்னு சொல்லிடுவாராம்."

கோவிந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒரே குறை, அலைதானாம். யாரும் நனையாம இறங்க, கம்பெனி செலவுல..." திருவேங்கடம் சிங்காரத்தைத் திரும்பிப் பார்த்தான். "கடலுக்குள்ள ஒரு மரப்பாலம் போட்டுத் தராராம். அவர் பரிசாம்."

கோவிந்தம்மாவின் கையிலிருந்த அகப்பை மணலில் விழுந்தது.

"பாலமா? ஐயோ, வேணாம்னு சொல்லு! கடலம்மா நெஞ்சுல கட்டை அடிச்சா ஒரு மீன் படாதுனு சொல்லு!"

"குப்பமே அழிஞ்சுபூடும்னு சொல்லு!" என்றான் சிங்காரம். "செத்துப்போன எங்க நைனா கனவுலகூட என்னோட பேச மாட்டார்னு சொல்லு!"

யாக்கோப் இருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு, பாலம் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுச் சிங்காரத்தின் படகில் ஏறினார். கடல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் கிடந்தது.

கோவிந்தம்மாவும் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டாள். "கொக்கு பறந்துச்சுடா, சாமி!"

யாக்கோப் திரும்பினார். துபாஷியைப் பார்க்காமல், துடுப்பைப் பிடித்திருந்த சிங்காரத்தின் தோளைத் தட்டி, நல்ல தமிழில் சொன்னார்:

"நான் நாகப்பட்டினத்துல பொறந்து வளர்ந்தவன் தம்பி. இத்தனூண்டு அலைக்குப் படகைக் குறுக்கால திருப்பி, ஒரு ஆளையே முக்கி எடுத்தியே, அந்தக் கை யாருக்கு வரும்! துணி காயாம எவன் எழுந்து போவான்? நாளைக்கு எங்க பெரிய தொரை வரார். அவரை மட்டும் கொஞ்சம் பார்த்து நனை. இந்தக் கொக்குக்கு நீச்சல் தெரியும், அந்தக் கொக்குக்குத் தெரியாது."