கீறலா, விரிசலா

திருச்சியில் வந்து நிற்கும் விமானத்தின் வயிற்றுக்கடியில் காலை வெயில் சாய்வாக நுழைகிறது. சக்கரங்களைத் தாங்கும் இரும்புக்கால் எண்ணெய் படிந்து மினுங்குகிறது. அதைப் பரிசோதித்து ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் துபாய்க்குக் கிளம்பலாம். அந்தக் கையெழுத்து அதிகாரம் போன வாரம் கலைமதிக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்குப் பதினொரு வருடம் முன்பே வேலைக்குச் சேர்ந்த நவ்ஷாத்துக்குக் கிடைக்கவில்லை. குனிந்து பார்க்கும் அவள் கழுத்தில் புது அடையாள அட்டை ஆடுகிறது. அதன் கயிறுகூட அவன் கண்ணை உறுத்துகிறது. “அண்ணே, கொஞ்சம் இங்க வாங்களேன்” என்று கூப்பிட்டுப் பூதக்கண்ணாடியை நீட்டுகிறாள். சற்று முன் அவன் இரண்டு தடவை பார்த்த இடம் அது. உலோகத்தில் தலைமுடி போல ஒரு கோடு. “எனக்கு விரிசலாத்தான் படுது. ஆனா நீங்க பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னீங்களே. வெறும் கீறலாண்ணே?” கீறல் என்று அவன் சொன்னால் அவள் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்; பிறகு பழி அவளுக்குத்தான். அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து இனிக்கிறது. தூரத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பயணிகள் பெட்டிகளோடு எழுந்து வரிசையில் நிற்கிறார்கள். “விரிசல்தான். நான்தான் சரியாப் பாக்கல. விமானத்த நிறுத்திடு” என்கிறான். விரிசல், விமானம் கிளம்பக் கூடாது என்று அவள் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். ஓடிவந்த மேலதிகாரி படிவத்தை வாங்கிப் பார்த்து, “நல்ல கண்ணும்மா உனக்கு!” என்கிறார். நவ்ஷாத்தும் தலையாட்டுகிறான். பிறகு துணியை எடுத்து, அழுக்கே இல்லாத விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.